கால்வாய்க் கரையில் உயிர்மீட்பு: ஆம்ஸ்டர்டாம் முதல் இங்கிலாந்தின் படகுச் சமூகம் வரை

மூச்சும் நாடியும் நின்று கிடப்பவரை, மருத்துவர் வரும்வரை காத்திராமல், அருகில் இருப்பவரே மீட்க முயல வேண்டும் என்ற எண்ணம் ஓர் ஒழுங்கான இயக்கமாக உருப்பெற்ற இடம் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கால்வாய்க் கரை. ஆண்டு 1767. இன்று சிபிஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதய நுரையீரல் மீட்புச் சிகிச்சைக்கும், ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் சுவரில் தொங்கும் டிஃபிப்ரிலேட்டர் பெட்டிக்கும் முன்னோடி அந்த இயக்கமே ஆகும். ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழும் மக்களிடையே இதே செய்தி மீண்டும் உயிர்ப்பிரச்சினையாகியுள்ளது. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் காலவரிசையில் விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சுவலியைச் சொல்வார். இதய நிறுத்தம் என்பது இதயம் இரத்தத்தை வெளியேற்றுவதையே நிறுத்திவிடுவது. நோயாளி சட்டென்று சரிவார். அழைத்தால் பதில் வராது. இயல்பான மூச்சு இராது. மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியக்கூடும்.

பல நேரங்களில் இதயம் முற்றாக ஓய்ந்துவிடுவதில்லை. அதன் கீழறைகள் ஒழுங்கற்று நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை ஒரு மின்னதிர்ச்சியால் நிறுத்தினால், இதயம் தன் இயல்பான துடிப்பை மீண்டும் தொடங்க வாய்ப்பு உண்டு. அந்த அதிர்ச்சியைக் கொடுப்பது டிஃபிப்ரிலேட்டர். இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று முடிவு செய்யும் வகைக்கு ஏஇடி என்று பெயர். சிபிஆர் என்பது மார்பை அழுத்தியும் மூச்சுக் கொடுத்தும் மூளைக்கு இரத்த ஓட்டத்தை ஓரளவு காத்து நிற்பது. சிபிஆரும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 10 விழுக்காடு வரை குறைக்கிறது. ஆகவே முதல் சில நிமிடங்களில் யார் அருகில் இருக்கிறார் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

ஆம்ஸ்டர்டாம், 1767

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களால் ஆன நகரம். 18-ஆம் நூற்றாண்டில் சரக்கும் ஆட்களும் நீர்வழியே சென்றன. கரைகளில் தடுப்பு இல்லை. இரவில் வெளிச்சம் குறைவு. நீந்தத் தெரிந்தவர்கள் சிலரே. நீரில் விழுந்து இறப்பது அன்றாடச் செய்தியாக இருந்தது.

விழுந்தவரை வெளியே எடுத்தாலும் காப்பாற்ற முன்வருவோர் அரிது. காரணம் அச்சம். நீரிலிருந்து எடுக்கப்பட்ட உடல் அதிகாரிகளின் விசாரணைக்கு உரியது என்றும், அதிகாரி வருமுன் அதைத் தொட்டவர் வழக்கில் சிக்குவார் என்றும் மக்கள் நம்பினர். உடலைத் தன் கடைக்குள் எடுத்து வர மதுக்கடைக்காரர் அஞ்சினார். செத்தவன் செத்தவனே என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

இந்த நிலையை மாற்ற முற்பட்டவர்களில் முதன்மையானவர்கள் வணிகரான யாக்கோப் டி கிளெர்க், சமயப் போதகரும் இதழாளருமான கொர்னேலிஸ் வான் எங்கெலன், ஆப்ரகாம் கால்கூன் ஆகியோர். அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரைத் தமிழில் ‘நீரில் மூழ்கியோரை மீட்கும் சங்கம்’ எனலாம். இந்தச் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

சங்கம் இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று, மீட்கும் முறையைப் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் அச்சிட்டுப் பரப்பியது: உடலைச் சூடேற்ற வேண்டும், மூச்சை ஊத வேண்டும், மனம் தளராமல் தொடர வேண்டும். இரண்டு, மீட்டவருக்குப் பதக்கமோ பணமோ கொடுத்ததுடன், உடலை உள்ளே அனுமதித்த கடைக்காரரின் செலவையும் ஏற்றுக்கொண்டது. முதல் நான்கு ஆண்டுகளில் 150-க்கும் மேற்பட்டோர் தம் அறிவுரைகளால் பிழைத்ததாகச் சங்கம் அறிவித்தது.

மருத்துவ அறிவைவிட இங்கு முக்கியமானது வேறொன்று. உயிரைக் காப்பது மருத்துவருக்கும் அதிகாரிக்கும் மட்டும் உரிய செயல் அன்று, கரையில் நிற்கும் எவருக்கும் உரியது என்று முதன்முறையாக ஒரு நகரம் வெளிப்படையாகச் சொன்னது. சில ஆண்டுகளுக்குள் வெனிஸ், மிலான், ஹாம்பர்க், பாரிஸ் ஆகிய நகரங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் தோன்றின. இவை அனைத்தும் நீரோடு வாழ்ந்த நகரங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

லண்டன், 1774

ஆம்ஸ்டர்டாம் சங்கத்தின் அறிக்கைகளை 1773-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தாமஸ் கோகன் என்ற மருத்துவர். அதே காலத்தில் மருந்தாளரான வில்லியம் ஹாஸ், தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டவர்களை உடனே தம்மிடம் கொண்டுவருவோருக்குத் தம் சொந்தப் பணத்தையே பரிசாகக் கொடுத்து வந்தார். இருவரும் சேர்ந்து 1774 ஏப்ரலில் லண்டனில் ஒரு காப்பிக்கடையில் கூட்டம் கூட்டினர். ஒவ்வொருவரும் தலா 15 நண்பர்களை அழைத்து வந்தனர். அங்கே பிறந்த சங்கமே பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி எனப் பெயர் பெற்றது.

இச்சங்கமும் மீட்க முயன்றவருக்குப் பரிசு தந்தது. முயற்சி வென்றால் பரிசு இரட்டிப்பானது. தோற்ற முயற்சிக்கும் பரிசு உண்டு என்பது சிந்தனைக்குரியது. ‘பிழைக்க வைக்க முடியுமா’ என்று யோசித்து நின்றுவிடாமல், ‘முயன்றுவிடு’ என்று மக்களை ஊக்குவிக்கவே இந்த ஏற்பாடு. பணத்துக்காக ஏமாற்றும் ஆட்களும் வந்ததால், காலப்போக்கில் பணத்தின் இடத்தைப் பதக்கம் பிடித்தது.

கருவிகளைக் கரையோரக் கட்டடங்களில் வைப்பதும் அன்றே தொடங்கியது. ஹைட் பூங்காவின் ஏரிக்கரையில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கொடுத்த நிலத்தில் 1794-இல் சங்கத்தின் வரவேற்பு இல்லம் கட்டப்பட்டது. நீரில் மூழ்கியவரைக் கொண்டுவந்து மீட்க முயல்வதற்கான இடம் அது. விபத்து நடக்கும் இடத்தின் அருகிலேயே கருவி இருக்க வேண்டும் என்னும் இன்றைய கொள்கையின் பழைய வடிவமாக இதைக் கொள்ளலாம்.

தவறான வழிகள்

அக்காலத்து முறைகள் எல்லாம் சரியானவை அல்ல. ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைச் செலுத்துவது மீட்பு முறைகளில் ஒன்றாக இருந்தது. அதற்கான துருத்தியும் குழாயும் அடங்கிய பெட்டிகள் தேம்ஸ் கரையில் வைக்கப்பட்டிருந்தன. புகையிலையின் நச்சு இதயத்தைப் பாதிக்கும் என்று பெஞ்சமின் பிரோடி 1811-இல் காட்டிய பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. இரத்தம் எடுப்பதும் செய்யப்பட்டது. இன்று அது தீங்கு என்பது தெரியும்.

வாயோடு வாய் வைத்து ஊதும் முறை புதிதல்ல. ஸ்காட்லாந்தில் வில்லியம் டாசாக் என்ற மருத்துவர் 1732-இல், சுரங்கப் புகையில் மயங்கிய தொழிலாளி ஒருவரை இம்முறையில் மீட்டார். அதை 1744-இல் வெளியிட்டார். பாரிஸ் அறிவியல் கழகம் 1740-லேயே நீரில் மூழ்கியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் அருவருப்பு காரணமாக இம்முறை ஒதுக்கப்பட்டுத் துருத்தி அதன் இடத்துக்கு வந்தது. துருத்தியின் வேகக் காற்று நுரையீரலைச் சேதப்படுத்தும் என்பது 1829-இல் பிரான்சில் விலங்குச் சோதனைகளால் தெரியவந்ததும் துருத்தியும் கைவிடப்பட்டது.

அடுத்த நூறாண்டுகளுக்கு மேல், கைகளாலும் உடலைப் புரட்டியும் மூச்சை வரவழைக்கும் முறைகள் கற்பிக்கப்பட்டன. 1856-இல் மார்ஷல் ஹால், 1858-இல் சில்வெஸ்டர், 1903-இல் ஷேஃபர், 1932-இல் ஹோல்கர் நீல்சன் என ஒவ்வொருவரும் ஒரு முறையைத் தந்தனர். ஒருவர் நோயாளியைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தச் சொன்னார்; இன்னொருவர் மல்லாத்திக் கைகளைத் தூக்கி இறக்கச் சொன்னார். இவற்றால் போதிய காற்று உள்ளே போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டு கண்ட நல்ல வழியை 19-ஆம் நூற்றாண்டு தொலைத்துவிட்டு, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் மீண்டும் கண்டெடுத்தது.

இங்கிலாந்தின் கால்வாய்களும் படகுக் குடும்பங்களும்

இங்கிலாந்தின் கால்வாய்க் காலம் 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயோடு தொடங்கியது எனலாம். நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டு செல்ல அது வெட்டப்பட்டது. 1790-களில் கால்வாய் வெட்டும் மோகம் நாடெங்கும் பரவியது. நடுநாட்டுக் கால்வாய்களின் நீர்ப்பூட்டுகள் குறுகலானவை. ஆகவே அங்கே ஓடிய படகுகள் ஏறத்தாழ 7 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்டவையாக அமைந்தன. கரைப்பாதையில் நடந்த குதிரை கயிற்றால் படகை இழுத்தது.

ரயில் வந்தபின் கால்வாய்ச் சரக்குக் கூலி வீழ்ந்தது. கரையில் வீட்டுக்கு வாடகையும் படகில் ஆளுக்குக் கூலியும் கொடுக்க முடியாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். சுமார் 10 அடி நீள அறைக்குள் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்கியது. சிறு குழந்தைகள் நீரில் விழாமல் இருக்க அவர்களைக் கயிற்றால் படகோடு கட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது.

இக்குடும்பங்களின் பெரிய குறை முகவரி இன்மை. எந்த ஊரும் அவர்களைத் தன் மக்களாகக் கொள்ளவில்லை; பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் இடைவிடாமல் நடத்திய பரப்புரையின் பயனாக 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் நிறைவேறியது; 1884-இல் அது வலுப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு படகும் ஓர் ஊரில் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பிள்ளைகள் கல்விக்கு அந்த ஊரைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவர் என்றது சட்டம். ஓடும் வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கும் முதல் முயற்சி அது. நடைமுறையில் பெரும்பாலான படகுப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்த கல்வி கிட்டவில்லை.

அதே 1877-இல்தான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு தொடங்கி, முதலுதவியைப் பொதுமக்களுக்குப் பாடமாகக் கற்பிக்க முற்பட்டது. 1891-இல் நீச்சல் மீட்புக்கெனத் தனிச் சங்கம் பிறந்தது. ஆனால் இரவு பகலாக ஊர்விட்டு ஊர் சென்ற படகு மக்கள் மாலை வகுப்புகளில் உட்கார்ந்து கற்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

வாய்வழி மூச்சும் மார்பு அழுத்தமும்

1950-களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஈலம், நாம் வெளிவிடும் மூச்சில் இன்னொருவர் உயிர் வாழப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது என்று நிறுவினார். பீட்டர் சாஃபர், தன்னார்வலர்களின் தசைகளை மருந்தால் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்து, பழைய கைமுறைகளைவிட வாய்வழி மூச்சே மேல் என்று காட்டினார்.

மார்பு அழுத்தம் ஏறக்குறைய தற்செயலாகக் கண்டறியப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளர் கூவன்ஹோவனுடன் பணியாற்றிய நிக்கர்பாக்கர், சோதனை நாயின் மார்பில் மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாயாமலே இரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜூடும் சேர்ந்து மூவரும் 1960 ஜூலையில் தம் ஆய்வை வெளியிட்டனர். மார்பைத் திறக்காமல், இரண்டு கைகளைக் கொண்டே நின்ற இதயத்துக்கு உதவலாம் என்பது அதன் சாரம். மூச்சும் அழுத்தமும் இணைந்து சிபிஆர் ஆயிற்று.

அதே 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் பயிற்சிப் பொம்மை ஒன்றை வெளியிட்டார். தம் மகன் நீரில் மூழ்கவிருந்தபோது காப்பாற்றிய தந்தை அவர். பாரிசில் ஸேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகவார்ப்பையே பொம்மைக்கு முகமாக வைத்தார். அந்தக் கதை உண்மையோ அல்லவோ, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அந்த முகத்தின் மீதுதான் மூச்சுக் கொடுக்கக் கற்றனர். நார்வே பள்ளிகளில் 1960-களின் தொடக்கத்திலேயே இப்பயிற்சி நுழைந்தது. இங்கிலாந்துப் பள்ளிப் பாடத்திட்டத்தில் அது கட்டாயமாக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த கருவி

இதயத்தின் நடுக்கத்தை மின்சாரம் நிறுத்தும் என்பது 1899-இல் ஜெனீவாவில் விலங்குகளிடம் காணப்பட்டது. 1947-இல் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனின் திறந்த மார்பில் நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்து அவனைக் காப்பாற்றினார். 1956-இல் பால் ஸோல் மார்பைத் திறக்காமலே அதைச் செய்தார். எனினும் கருவி மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே இருந்தது.

அதை வெளியே கொண்டு வந்தவர் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, சயாம் மரண ரயில்பாதையில் வதைபட்டுத் திரும்பியவர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டதும் அதே ரயில்பாதையில்தான். மாரடைப்பால் இறப்போரில் பலர் மருத்துவமனையை அடையும் முன்னரே இறக்கின்றனர் என்பதை உணர்ந்த பான்ட்ரிட்ஜ், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றை 1965-இல் உருவாக்கினார். அதன் எடை சுமார் 70 கிலோ. 1966 முதல் அது ஆம்புலன்சில் ஏறி நோயாளியைத் தேடிச் சென்றது. சில ஆண்டுகளில் எடை ஒரு சில கிலோவாகக் குறைந்தது.

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தானியங்கிக் கருவிகள் தோன்றின. கருவியே துடிப்பை ஆராய்ந்து, குரலால் வழிகாட்டி, தேவையில்லாதபோது அதிர்ச்சி கொடுக்க மறுக்கும் நிலை வந்தபின், அதை இயக்க மருத்துவர் தேவைப்படவில்லை.

பொது இடங்களில் கருவிகள்

1999-இல் சிகாகோ விமான நிலையங்களில் ஏஇடி-கள் பொதுமக்கள் எடுக்கும்படி வைக்கப்பட்டன. அவற்றை எடுத்து உயிர் காத்தவர்களில் எந்தப் பயிற்சியும் பெறாத பயணிகளும் இருந்தனர். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. விழுந்த 3 நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரே பிழைத்தனர். நிமிடத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

இங்கிலாந்து அரசும் 1999-இல் மக்கள் கூடும் இடங்களில் கருவி வைக்கும் திட்டத்தை அறிவித்தது. விமான நிலையங்களும் ரயில் நிலையங்களும் முதலில் பயன்பெற்றன. சிற்றூர்களுக்குக் கருவி சென்ற வழி சுவையானது. கைப்பேசி வந்ததால் வேலையற்றுப் போன சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு ஊர்மன்றங்களிடம் ஒப்படைக்கும் திட்டம் 2008-இல் வந்தது. பல கூண்டுகளில் தொலைபேசியின் இடத்தில் டிஃபிப்ரிலேட்டர் குடியேறியது. கால்வாய்க் கரையில் நடப்பவர் பாலத்தின் மீதேறி ஊருக்குள் போனால் காண்பது பெரும்பாலும் இத்தகைய கூண்டையோ, மதுக்கடைச் சுவரிலுள்ள பெட்டியையோதான்.

கருவி இருந்தும் அது எங்கே என்று ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் தெரியாவிட்டால் பயனில்லை. இக்குறையைத் தீர்க்கப் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனும் பிற அமைப்புகளும் இணைந்து ‘தி சர்க்யூட்’ என்ற தேசியப் பதிவேட்டைக் கொண்டுவந்தன. 999-ஐ அழைத்தவரிடம், அருகிலுள்ள கருவியின் இடத்தையும் பூட்டிய பெட்டியின் குறியீட்டு எண்ணையும் சொல்ல அது உதவுகிறது. 2021 ஜூன் மாதம் கோபன்ஹேகனில் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சரிந்து, மைதானத்திலேயே சிபிஆராலும் டிஃபிப்ரிலேட்டராலும் மீட்கப்பட்டதை உலகமே பார்த்தது. அதன்பின் மக்களின் ஆர்வம் பெருகியது. ஆயினும் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிரிட்டனில் பிழைப்பவர்கள் இன்னும் பத்தில் ஒருவருக்கும் குறைவே.

இன்றைய படகுச் சமூகமும் முகவரிச் சிக்கலும்

சரக்குப் படகுகள் மறைந்த பின்னும் கால்வாய்கள் மறையவில்லை. 1944-இல் எல்.டி.சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் கால்வாய்களின்பால் மக்களை ஈர்த்தது. 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. மூடவிருந்த கால்வாய்கள் பல தன்னார்வலர்களின் உழைப்பால் மீண்டன. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழியைக் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பேணுகிறது. உரிமம் பெற்ற படகுகள் 30,000-க்கும் மேல். அவற்றில் ஒரு பகுதி நிரந்தர வீடுகள். சொந்தக் கட்டுமிடம் இல்லாத படகுகள் ஓரிடத்தில் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம்.

படகில் வாழ்வோரில் ஓய்வுபெற்ற முதியோர் பலர். கால்வாய் வாழ்க்கை அமைதியானதாகத் தோன்றினும் உடலுழைப்பு மிக்கது. நீர்ப்பூட்டின் மதகை இரும்புக் கைப்பிடியால் சுழற்றித் திறக்க வேண்டும்; கனத்த கதவைத் தோளும் முதுகும் கொடுத்துத் தள்ள வேண்டும். வில்ட்ஷயரின் கேன் ஹில் சரிவில் மட்டும் 29 நீர்ப்பூட்டுகள் வரிசையாக உள்ளன. குளிர்நீரில் தவறி விழுந்தால் திடீர் மூச்சுத்திணறலும் இதயத்துக்குப் பெரும் சுமையும் ஏற்படும். மூடிய அறைக்குள் அடுப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடும் இச்சமூகம் அறிந்த ஆபத்து.

இதயம் நிற்கும் அந்தக் கணத்தில் 1877-இன் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது: ‘உங்கள் முகவரி என்ன?’ தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத இடத்தில், நேற்று வேறோர் ஊரில் இருந்த படகுக்காரர் என்ன பதில் சொல்வார்? கரைப்பாதையில் ஆம்புலன்ஸ் வண்டி பெரும்பாலும் செல்ல முடியாது. சாலையிலிருந்து ஊழியர்கள் கருவிகளைச் சுமந்து நடந்தே வர வேண்டும். ஆழ்ந்த வெட்டுகளுக்குள் கைப்பேசி அலை கிடைப்பதும் உறுதியில்லை.

விடை கால்வாயிலேயே இருக்கிறது. பாலங்களில் எண் பொறித்த தகடு உண்டு. நீர்ப்பூட்டுகளுக்கும் எண்ணோ பெயரோ உண்டு. கால்வாயின் பெயரோடு இந்த எண்ணையும் அருகிலுள்ள சாலையையும் சொன்னால் இடம் விளங்கிவிடும். உலகைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைத் தரும் கைப்பேசிச் செயலியும் இப்போது பயன்படுகிறது. ஆகவே படகு கட்டியதும் அருகிலுள்ள பாலத்தின் எண்ணைக் குறித்து வைப்பது, கயிற்றை முடிச்சிடுவதைப் போலவே இயல்பான பழக்கமாக வேண்டிய ஒன்று.

கருவியை எங்கே வைப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. உறைபனி பேட்டரியையும் ஒட்டுத் தகடுகளையும் கெடுக்கும் என்பதால் வெளிப்புறப் பெட்டிகளுக்கு வெப்பமூட்ட மின்சாரம் வேண்டும். கரைப்பாதையின் நீண்ட பகுதிகளில் மின்சாரம் இல்லை. எனவே படகுத்துறைகள், படகுச் சங்கக் கட்டடங்கள், கரையோர மதுக்கடைகள் ஆகியவையே ஏற்ற இடங்கள். ஒரு படகுக்காரர் தம் படகிலேயே கருவி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடம்விட்டு இடம் நகரும் கருவி நிலையான வரைபடத்தில் எளிதில் அடங்காது. அக்கம்பக்கத்துப் படகினருக்குச் சொல்லி வைத்தால்தான் அது பொதுக் கருவியாகும்.

நீரில் மூழ்கியவரும் இதயம் நின்றவரும்

கால்வாய்க் கரையில் இருவகை ஆபத்துகளும் உண்டு என்பதால் வேறுபாட்டை அறிவது நன்று. கரையில் நடக்கையில் திடீரெனச் சரிந்தவரின் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். அவருக்கு மார்பு அழுத்தமும் விரைவான மின்னதிர்ச்சியும் முதன்மை. நீரில் மூழ்கியவரின் இதயமோ ஆக்சிஜன் தீர்ந்ததால் நின்றது. அவருக்கு மூச்சே முதல் தேவை. ஆகவே பயிற்சி பெற்றவர்கள் முதலில் 5 முறை மூச்சுக் கொடுத்துவிட்டு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் கூறுகின்றன. மூச்சை ஊதச் சொன்ன 1767-இன் அறிவுரை இவ்வகையில் சரியானதே.

பொதுவான செய்முறை இது. தனக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பதிலும் இயல்பான மூச்சும் இல்லாவிட்டால் உடனே அவசர எண்ணை அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கி அருகில் வைக்க வேண்டும். இடையிடையே ஏங்கி ஏங்கி இழுப்பது மூச்சு அல்ல. அவரைத் தட்டையான கெட்டித் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சுக் கொடுப்பார். பயிற்சி இல்லாதவர் அழுத்தத்தை மட்டும் தொடரலாம். மெத்தைப் படுக்கையில் அழுத்தினால் பயனில்லை. ஆகவே படகுக்குள் விழுந்தவரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் கருவியை எடுத்து வர, வேறொருவர் பாலத்தருகே நின்று ஆம்புலன்ஸ் ஊழியரை அழைத்து வர வேண்டும். ஈரமான மார்பைத் துடைத்துவிட்டே தகடுகளை ஒட்ட வேண்டும். இரும்புப் படகின் தரையிலும் ஏஇடி-யைப் பயன்படுத்தலாம். தகடுகள் உலோகத்தில் படாமலும், அதிர்ச்சியின்போது எவரும் நோயாளியைத் தொடாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

சட்டமும் தயக்கமும்

‘விலா எலும்பு முறிந்தால்? வழக்கு வந்தால்?’ என்ற தயக்கம் இன்றும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் மதுக்கடைக்காரரின் அச்சமும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-இல் வந்த சட்டம், ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முன்வந்தவரின் நற்செயலை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இதயம் நின்றவருக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய கேடு எவரும் தொடாமல் விடுவதே. தொலைபேசியில் பேசும் ஆம்புலன்ஸ் ஊழியர் ஒவ்வொரு படியையும் சொல்லித் தருவதால், தெரியாது என்ற காரணமும் வலுவிழக்கிறது.

மீண்டும் ஆம்ஸ்டர்டாம்

நெதர்லாந்தில் இன்று அவசர அழைப்பு வந்ததும், அருகில் வசிக்கும் பயிற்சி பெற்ற குடிமக்களின் கைப்பேசிக்குச் செய்தி செல்கிறது. சிலர் நேரே நோயாளியிடம் ஓடுகின்றனர். சிலர் வழியில் கருவியை எடுத்துக்கொண்டு செல்கின்றனர். 6 நிமிடத்துக்குள் உதவி என்பது அங்கே இலக்கு. பிரிட்டனிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 16 உலக இதய மீட்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் சந்தைகளிலும் பயிற்சி அளிக்கப்படுகிறது.

துருத்தி போய்ப் பேட்டரி வந்தது. ஒரு காலத்து மருத்துவ முறைகள் பல மறைந்தன. ஆனால் 1767-இல் சொல்லப்பட்ட மூன்று செய்திகள் மாறவில்லை: முறையை எல்லோருக்கும் கற்றுக்கொடு, கருவியைக் கரையருகே வை, முயல்பவரின் அச்சத்தைப் போக்கு. படகுச் சமூகத்துக்கு நான்காவதாக ஒன்று சேர்கிறது: இன்று நிற்கும் இடத்தின் பெயரை அறிந்து வை.